திவால் மனுவின் பதினான்காவது கேள்வி

வக்கீல் அலுவலகத்தின் முன்னறையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா அம்மாள், வருகிறவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே ஒரு தாளை நீட்டிவிடுவாள். திவால் மனு கொடுக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் பன்னிரண்டு கேள்விகளும் அவற்றின் விடைகளும் அதில் அச்சிடப்பட்டிருந்தன. வீடு போகுமா, சம்பளத்தைப் பிடிப்பார்களா, வீட்டுக்காரியின் நகையைக் கேட்பார்களா, பேப்பரில் பெயர் வருமா, ஜெயிலில் தள்ளுவார்களா. இருபத்திரண்டு வருடங்கள் ஒரே கேள்விகளுக்கு ஒரே விடைகளைச் சொல்லித் தொண்டை தேய்ந்துபோன ஒருத்தி, மிச்சத் தொண்டையையாவது காப்பாற்றிக்கொள்ளத் தானே தட்டச்சு செய்து வைத்த தாள் அது.

"படிச்சிட்டு, அதுல இல்லாதது ஏதாவது இருந்தா கேளுங்க. இருக்கறதையே திரும்பக் கேட்டா பதில் வராது."

பிரேக் டீச்சர் தாளை இரண்டு முறை படித்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி ஒன்றைப் பதினோரு வருடங்களாக நடத்திவந்தவள் அவள். பக்கத்து இருக்கையின் கீழ் தனக்கென்று பொருத்தியிருந்த இரண்டாவது பிரேக்கிலிருந்து அவள் கால் ஒருபோதும் விலகியதில்லை என்பதால், கற்றுக்கொள்ள வந்தவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. நாளடைவில் முகத்துக்கு முன்னாலும் அதுவே நிலைத்துவிட்டது. லைசன்ஸ் தேர்வு மைதானம் பக்கத்துத் தெருவில் இருந்தவரை அவளுக்குத் தொழில் ஓகோவென்று நடந்தது. அந்தத் தெம்பில் பெரிய இடமாக வாடகைக்குப் பிடித்தாள், கடன் வாங்கி இரண்டாவது காரும் வாங்கினாள். எட்டாவது மாதம் மைதானத்தை ஊரின் மறுகோடிக்கு மாற்றினார்கள். மாணவர்களும் மைதானத்தோடு போய்விட்டார்கள். கடன் மட்டும் இடம் மாறவில்லை.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் அவளுடைய அக்காவின் கணவர் காலை அகட்டி உட்கார்ந்திருந்தார். துணைக்கு என்று சொல்லிக்கொண்டு வந்த மாமா. ஒரு தொழிற்சாலையின் கிடங்குக் காப்பாளராக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் அதில் எத்தனை பொருள் குறைகிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

"எனக்கும் ஒரு தாள் குடும்மா," என்றார் குமாஸ்தாவிடம்.

"நீங்களும் மனு கொடுக்கறீங்களா சார்?"

"எனக்கென்ன தலையெழுத்தா?"

"அப்ப எதுக்கு? தாளு என்ன சும்மாவா வருது?"

அவர் டீச்சரின் கையிலிருந்த தாளைப் பிடுங்கிக் கண்ணருகே கொண்டுபோய், பிறகு நீட்டிப் பிடித்து, படிக்காமலே திருப்பிக் கொடுத்தார். "முக்கியமானது இதுல எங்க இருக்கு? எங்க வீட்டுக்கு நோட்டீஸ் கீட்டீஸ் வருமா? அதைச் சொல்லு முதல்ல."

"நீங்க இவங்களுக்குக் கடன் கொடுத்தவரா?"

"சேச்சே. நான் குடும்பம்."

குமாஸ்தா முதன்முறையாகத் தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்துச் சீவத் தொடங்கினாள். மனுவின் எல்லாக் கட்டங்களையும் முதலில் பென்சிலால் நிரப்புவது அவளுடைய வேலைமுறை. கட்சிக்காரர் கடைசிவரை கேட்டு, எல்லாம் சரி என்று சொன்ன பிறகுதான் அதே எழுத்தின்மேல் பேனா ஓடும். பேனா ஓடிய பிறகு திருத்தம் என்ற பேச்சே கிடையாது. அடித்துத் திருத்திய மனுவைப் பார்த்தால் நீதிபதிக்குச் சந்தேகம் வரும், சந்தேகம் வந்த நீதிபதியிடம் வக்கீலின் சாமர்த்தியம் செல்லாது என்பது அவள் கண்ட அனுபவம்.

"ஒரே ஒரு விஷயம்மா," என்றாள் டீச்சர். "எங்கிட்ட இப்ப இருக்கறது ஒரே வண்டி. அதுல நாலு பேருக்குக் கத்துக்கொடுத்துதான் வயித்தைக் கழுவறேன். அது போயிடுமா?"

"அஞ்சாவது கேள்வி. தாள்ல இருக்கு. தொழில் பண்ற வண்டி ஒண்ணை விட்டு வைப்பாங்க. கடனையெல்லாம் தள்ளுபடி பண்ணி உத்தரவு போடுவாங்க. ஆனா," பென்சில் முனையை விரலால் சோதித்தாள், "மனுவுல ஒரு பொய் இருக்குன்னு தெரிஞ்சா, அப்படியே தூக்கிக் கடாசிடுவாங்க. கடனும் போகாது, வண்டியும் நிக்காது. எழுதலாமா?"

பெயர், வயது, தொழில், வருமானம். வங்கிக் கடன், நிதி நிறுவனக் கடன், இரண்டு கிரெடிட் கார்டுகள், பள்ளி இருந்த இடத்தின் உரிமையாளருக்கு ஏழு மாத வாடகை. ஒவ்வொன்றாகப் பென்சில் விழுங்கிக்கொண்டு போனது. டீச்சர் தொகையைச் சொல்லும்போதெல்லாம் மாமா உச்சுக்கொட்டினார். நான்காவது உச்சுக்கு அவளுக்குக் காது சிவந்துவிட்டது.

"பதினாலு," என்று குமாஸ்தா படித்தாள். "கடந்த இரண்டு ஆண்டுகளில் உறவினர் எவருக்கேனும் பணமோ பொருளோ கொடுத்தோ, பெயர் மாற்றியோ இருக்கிறீர்களா?"

டீச்சர் மடியிலிருந்த தாளை மடித்தாள்.

ஐந்து மாதங்களுக்கு முன்பு, கடன் வசூலிக்கிறவர்கள் அவள் பள்ளியின் வாசலில் வந்து நின்று கற்றுக்கொள்ள வந்தவர்களின் எதிரிலேயே சத்தம் போட ஆரம்பித்திருந்த வாரத்தில், மாமா வந்தார். இரண்டாவது காரை வாங்கும்போது முன்பணத்துக்குத் தன் ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தவர் அவர்தான். கொடுத்தபோது, குடும்பத்துக்குள்ள என்ன கடன் என்று முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்றைக்கு வந்தவர் தட்டவில்லை. "கண்டவனெல்லாம் வாரிக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி வீட்டு மனுஷனுக்குச் சேர வேண்டியதைச் சேர்த்துடு," என்றார். பின்னால் அக்கா நின்றிருந்தாள். டீச்சருக்கு அதில் யோசிக்க ஒன்றுமே இருப்பதாகத் தோன்றவில்லை. வங்கியின் மேலாளர் இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர். அக்காவின் முகம் சாகும்வரை ஒரே முகம். மறுநாள் காலையில் அவளே முன்னின்று இரண்டாவது காரை மாமா பெயருக்கு மாற்றிக் கொடுத்தாள். இந்தக் கடன் விவகாரம் முழுவதிலும் தான் நாணயமாகச் செய்த காரியம் அது ஒன்றே என்று இன்று காலைவரை நினைத்திருந்தாள்.

இன்று காலை இந்த அலுவலகத்தின் மாடிப்படியில் ஏறும்போதுதான் மாமா அவளை நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரத்தாளை எடுத்தார். காரை ஐந்து மாதங்களுக்கு முன்பே அவள் அவருக்கு முழு விலைக்கு விற்றதாகவும், தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாகவும் அதில் தட்டச்சு செய்திருந்தது. சாட்சிக் கையெழுத்து அக்காவுடையது. பள்ளிக்கூடப் பிள்ளையுடையதைப் போல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. விசாரித்தால் இனாமாகக் கொடுத்தது என்று பிடுங்கிவிடுவார்கள், விற்றது என்றால் யாரும் கேட்க முடியாது, எனக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார் என்று மாமா படியிலேயே விளக்கினார். கீழே காரில் அக்கா காத்திருந்தாள். டீச்சர் தாளைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள்.

"என்னம்மா, தூங்கிட்டீங்களா?" என்றாள் குமாஸ்தா.

மாமா முந்திக்கொண்டார். "கொடுத்ததெல்லாம் இல்ல. வித்தது. முறையா வித்தது. இந்தா பாரு."

குமாஸ்தா பத்திரத்தாளை வாங்கி முழுவதும் படித்தாள். பிறகு, தான் ஏற்கெனவே நிரப்பியிருந்த பக்கங்களைப் புரட்டினாள்.

"ரொக்கமா வாங்கினீங்களா?"

"ஆமா, ரொக்கம்," என்றார் மாமா.

"அவங்களைக் கேட்டேன் சார். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி இவ்வளவு பணம் கைக்கு வந்திருக்கு. அதே மாசம் வங்கித் தவணை கட்டலை. நிதிக் கம்பெனிக்குக் கட்டலை. இடத்துக்காரருக்கு வாடகை கொடுக்கலை. அப்ப அந்தப் பணம் எங்கம்மா?"

மாமா இந்தக் கேள்வியைப் பற்றி யாரிடமும் விசாரித்திருக்கவில்லை என்பது அவர் கழுத்து நீண்ட விதத்திலேயே தெரிந்தது.

"செலவாயிருக்கும்," என்றார்.

"எதுல?"

"எதுலயோ. வீட்டுல ஆயிரம் செலவு."

"மொத்தமுமா?"

"தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக்கோயேன். பென்சில்தானே?"

"இருபத்திரண்டு வருஷத்துல பணம் தொலைஞ்சு போச்சுன்னு எழுதச் சொன்னவங்க ஒன்பது பேர் சார். ஒருத்தருக்கும் நீதிபதி தேடிக் கொடுக்கலை. ஒளிச்சு வச்சிருக்கான்னு சொல்லி மனுவைத் தள்ளினார். அதுல ரெண்டு பேர் மேல கேஸே போட்டாங்க."

மாமா நாற்காலியைத் திருப்பி டீச்சரைப் பார்த்து உட்கார்ந்தார். "நீ வாயில என்ன வச்சிருக்கே? சொல்லேன். செலவு பண்ணிட்டேன்னு சொல்லு. துணிமணி, அது இதுன்னு. ஒரு பொம்பளை பணத்தை ஊதித் தள்ளினான்னா யார் நம்பமாட்டாங்க?"

மேசைக்கடியில் டீச்சரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. துணிமணி. போன வருடம் முழுவதும் அவள் இரண்டே இரண்டு உடுப்புகளை மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டதை அக்கா வீட்டில் அறியாதவர்கள் இல்லை. வண்டி கையைவிட்டுப் போகாமலிருக்க இந்த மனிதர் அவளை ஊதாரி என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்கத் தயார். எழுதிக்கொடுத்துவிட்டு அதே வண்டியில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவும் தயார். அவருக்குச் சேர வேண்டியதைத் தந்த நாளில் அவளுக்கு அவர்மீது கோபம் இருந்ததில்லை. இப்போதுதான் அது முழு உருவத்தோடு வந்து உட்கார்ந்தது.

"பணம் வரலம்மா," என்றாள் குமாஸ்தாவிடம். "ஒரு காசு வரல. வண்டியைச் சும்மா எழுதிக் கொடுத்தேன். இவருக்குத் தர வேண்டியது இருந்துச்சு. அதுக்காக."

"ஏய்!"

"கேள்விக்கு ஆமாம்னு எழுதிக்கோங்க."

பென்சில் எழுதியது. மாமா எழுந்துவிட்டார். "என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா நீ? அந்த வண்டியை ஒரு ஆபீசுக்கு மாச வாடகைக்கு ஓட்டறேன். உங்க அக்கா வீட்டுல உலை கொதிக்கறதே அதுலதான்!"

"என் வீட்டுல கொதிக்கறது மிச்சமிருக்கற ஒத்தை வண்டியில மாமா. இப்ப நீங்க சொன்ன மாதிரி எழுதினா அதுவும் போயிடும்."

"மூணு வருஷம் என் வீட்டுல தின்னே. படிக்கறேன் படிக்கறேன்னு மூணு வருஷம். நான் ஒரு நாள் கணக்குக் கேட்டேனா?"

"இப்பக் கேளுங்க. தின்னதையும் சேர்த்து ஒரு லிஸ்ட் போடுங்க. இவங்க எழுதிக்குவாங்க."

"ரசீது இருந்தா," என்றாள் குமாஸ்தா, நிமிராமல்.

"நீ யாரும்மா நடுவுல? உனக்கு இதுல என்ன சந்தோஷம்?"

"எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல சார். ஆறு மணிக்கு பஸ். நடக்கப்போறதைச் சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. திவால் அதிகாரி அந்த வண்டியைத் திரும்ப எடுப்பார். வித்து, வந்ததை எல்லாக் கடன்காரருக்கும் பிரிப்பார். நீங்க கொடுத்த கடனுக்கு உங்களையும் பட்டியல்ல சேர்ப்போம். நூத்துக்குப் பத்தோ பன்னிரண்டோ வரும்."

"நானும் அந்த வங்கிக்காரனும் ஒண்ணா?"

"வரிசையில ஒண்ணுதான். அவர் இங்க வந்து கத்தமாட்டார். வேற வித்தியாசம் எனக்குத் தெரியலை."

மாமா பத்திரத்தாளை எடுக்கக் கை நீட்டினார். குமாஸ்தா அதை அவரிடம் கொடுக்காமல் டீச்சரிடம் கொடுத்தாள். "இதை நான் பார்க்கலை. நீங்க கையெழுத்துப் போடலை. உங்க அக்கா சாட்சி சொல்லலை. கிழிச்சிடுங்க. கிழிச்சு என் குப்பைக் கூடையில போடாதீங்க, வெளிய கொண்டுபோய்ப் போடுங்க."

டீச்சர் அங்கேயே கிழித்தாள். நான்காக, எட்டாக, பிறகு விரலுக்குள் அடங்காத அளவுக்குச் சின்னதாக. மாமா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவளுக்குப் பிள்ளைகள் இருந்திருந்தால் குடும்பம் என்றால் என்னவென்று தெரிந்திருக்கும் என்று, யாருக்கென்றில்லாமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனார். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த வக்கீலின் கறுப்பு அங்கி நழுவிக் கீழே விழுந்தது. குமாஸ்தா எழுந்து அதை உதறி மாட்டினாள்.

"எல்லாரும் அதே கதவைத்தான் அறையறாங்க," என்றாள். "சரி, கடன் கொடுத்தவங்க பட்டியல்ல இவரைச் சேர்க்கணும். முழுப் பெயர் சொல்லுங்க."

சொன்னாள்.

"தொகை."

சொன்னாள்.

"விலாசம். கதவு எண், தெரு, தபால் குறியீட்டு எண்."

டீச்சர் மனதுக்குள் அந்தத் தெருவில் நடந்து பார்த்தாள். பேருந்து நிறுத்தத்திலிருந்து எத்தனை தப்படி, எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்தத் திருப்பத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். மூன்று வருடம் குடியிருந்த வீடு, இருபது வருடமாகப் போய்வந்த வீடு. அந்த வீட்டுக்கு அவள் ஒருநாளும் கடிதம் எழுதியதில்லை.

"தெரியலை," என்றாள்.

"தெரியாம முடியாதும்மா. விலாசம் இல்லேன்னா நோட்டீஸ் போகாது. நோட்டீஸ் போகாத கடன் உங்க தலையிலேயே நிக்கும். அவங்களுக்கும் பங்கு கிடைக்காது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள கொண்டு வாங்க. அப்பத்தான் பேனாவைத் தொடுவேன்."

அவள் கீழே இறங்கியபோது சந்தில் கார் இன்னும் நின்றிருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கையின் கீழ் அவள் பொருத்திய இரண்டாவது பிரேக்கை அவர் கழற்றவில்லை. கழற்றக் கூலி கேட்பார்களே. பின்னிருக்கையில் இருந்த அக்கா கண்ணாடியைப் பாதிவரை இறக்கினாள்.

"என் கையெழுத்தைக் கிழிச்சுப் போட்டியாமே?"

"அந்தக் கையெழுத்துக்கு உன்னைக் கூண்டுல ஏத்தி நிறுத்தியிருப்பாங்க அக்கா."

"நிறுத்தட்டுமே. உனக்காகவா போட்டேன்? என் வீட்டுக்காகப் போட்டேன்."

"நான் பணத்தைத் தின்னுட்டேன்னு எழுதச் சொன்னாரு. அது உனக்குத் தெரியுமா?"

அக்கா கண்ணாடியின் விளிம்பைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். தெரியாது என்று அவள் சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு நேரமும் இருந்தது. டீச்சர் அந்த நேரம் முழுவதும் காத்திருந்துவிட்டு, "உன் வீட்டு விலாசம் வேணும்," என்றாள்.

"எதுக்கு?"

"நோட்டீஸ் அனுப்ப. பட்டியல்ல இருந்தாத்தான் உங்களுக்குக் கொஞ்சமாவது திரும்பும்."

"கேட்டீங்களா?" என்று அக்கா முன்னிருக்கையைப் பார்த்துச் சொன்னாள். "நம்ம வீட்டை ஏலம் போடறதுக்கு நம்மகிட்டயே விலாசம் கேக்கறா."

"வீட்டை இல்ல, வண்டியை."

"வாசல்ல எழுதியிருக்கு. வேணும்னா வந்து பார்த்து எழுதிக்கோ. வெளியில நின்னு பாரு. உள்ள காலை வச்சிடாதே."

கண்ணாடி ஏறியது. மாமா வண்டியை எடுத்த வேகத்தில் முதல் கியரும் இரண்டாவது கியரும் ஒரே அலறலில் கலந்தன. கிளட்சைப் பாதியில் விடுகிறார் என்பதை அவள் கவனித்தாள். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணி வகுப்பு ஒரு மருந்துக்கடைக்காரருக்கு. ஐம்பது வயதுக்குமேல் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பிடிவாதக்காரர். வழக்கமான பாதையை விட்டு அக்காவின் தெருவுக்குள் திருப்பச் சொன்னாள் டீச்சர். குறுகலான தெரு. எதிரில் வந்த சைக்கிளுக்கு அவர் வலதும் இடதுமாக ஸ்டியரிங்கை ஆட்ட, அவள் கால் இரண்டு முறை அழுத்தியது.

"ஓரமா நிறுத்துங்க. அந்த இரும்புக் கதவுக்கு முன்னாடி. மோதாம."

"இங்க என்ன டீச்சர் வேலை?"

"ஒரு நம்பர் பார்க்கணும்."

இறங்கினாள். தூணில் பதித்திருந்த தகட்டில் எண் பாதி வண்ணம் உதிர்ந்திருந்தது. குனிந்து, விரலால் தடவிப் பார்த்து, நாற்பத்தேழின் கீழ் இரண்டு என்று எழுதிக்கொண்டாள். கதவுக்கு உள்ளே கார் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் துடைக்கும் துணியோடு அக்கா நின்றிருந்தாள். எத்தனை நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

"தபால் குறியீட்டு எண்ணும் வேணும்," என்றாள் டீச்சர், கதவுக்கு வெளியே நின்றபடி.

அக்கா அருகில் வந்து தாழ்ப்பாளின்மேல் கை வைத்தாள். திறப்பதற்கல்ல. எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுக்குச் சொல்வதைப் போல, ஒவ்வொன்றுக்கும் நடுவில் எழுதுவதற்கு இடம் விட்டுச் சொன்னாள். டீச்சர் எழுதி முடித்ததும், "எப்ப வருவாங்க எடுக்க?" என்று கேட்டாள்.

"தெரியாது. நோட்டீஸ்ல போட்டிருக்கும்."

"வண்டிக்கு உள்ள சீட்டு உறை நாங்க போட்டது. போன மாசம்தான் புதுசா வாங்கினோம். அதைக் கழட்டிக்கலாமா? இல்ல, அதுவும் வங்கிக்காரனுக்கா?"

மருந்துக்கடைக்காரர் பின்னால் ஒருமுறை ஹாரனை அழுத்திவிட்டுப் பயந்து கையை எடுத்தார்.

"கேட்டுச் சொல்றேன் அக்கா. மத்தியானம் போன் பண்றேன்."

"போன் எல்லாம் பண்ணாதே," என்றாள் அக்கா. "கடிதமாப் போடு. அதான் விலாசம் எழுதிக்கிட்டியே."

துணியை உதறிக்கொண்டு காரைத் துடைக்கத் திரும்பிப் போனாள்.